அலாஸ்காவின் வடகரைப் பாலூட்டிகள்: சிறுவர்களுக்கு ஓர் அறிமுகம்

வட அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அலாஸ்கா என்னும் பெரிய மாநிலம் இருக்கிறது. அதன் வடபகுதியில் புரூக்ஸ் மலைத்தொடர் மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு கிடக்க, அந்த மலைகளுக்கும் ஆர்க்டிக் பெருங்கடலுக்கும் நடுவே மரங்களே இல்லாத ஈரமான சமவெளி பரந்திருக்கிறது. இவ்வகை நிலத்தைத் தூந்திரம் என்பார்கள். கோடையில் இதன் மேல்மண் சிறிதளவு ஆழத்துக்கு மட்டும் இளகும்; அதற்குக் கீழே பல நூறு மீட்டர் வரை மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். கரையின் மேற்குப் பகுதியில் சுக்சி கடலும் கிழக்குப் பகுதியில் போஃபர்ட் கடலும் உள்ளன. இரண்டும் சந்திக்கும் முனைக்கு அருகில் உட்கியாக்விக் என்ற ஊர் இருக்கிறது. 2016 வரை இதன் அலுவல் பெயர் பாரோ. இங்கே நவம்பர் 18ஆம் தேதியை ஒட்டி மறையும் சூரியன், ஏறக்குறைய 65 நாள்கள் கழித்து ஜனவரியின் பின்பாதியில்தான் மீண்டும் தலைகாட்டும். மே மாதம் இரண்டாம் வாரத்திலிருந்து எண்பது நாள்களுக்கும் மேலாக அது மறைவதே இல்லை. பிப்ரவரி மாதத்தின் சராசரி வெப்பநிலையே பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

இந்தக் கரையில் பாம்பு, பல்லி, ஓணான் என்று ஊர்வன எதுவும் இல்லை. ஆனால் கட்டைவிரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய எலியினத்திலிருந்து 18 மீட்டர் நீளமுள்ள திமிங்கிலம் வரை பாலூட்டிகள் பல இருக்கின்றன. ஏன் இந்த வேறுபாடு? ஊர்வனவற்றின் உடல் வெப்பம் வெயிலையும் சுற்றுப்புறத்தையும் நம்பி இருக்கிறது. பாலூட்டியோ தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தான் உண்ட உணவிலிருந்து தானே உண்டாக்கிக்கொள்கிறது. உங்கள் உடலைப் போலவே, பனிக்கரடியின் உடலும் உள்ளே ஏறக்குறைய 37 டிகிரி வெப்பத்தில்தான் இருக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி என்றால், உடலுக்கும் காற்றுக்கும் இடையே 67 டிகிரி வேறுபாடு. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே ஓடும். அந்த ஓட்டத்தைத் தடுக்கும் வழியும், ஓடிப்போனதை ஈடுகட்டும் உணவும் இல்லாத பாலூட்டி இங்கே ஓர் இரவுகூடத் தாங்காது. ஆகவே இந்தக் கரையின் எந்த விலங்கைப் பார்த்தாலும், அது வெப்பத்தை எங்கிருந்து பெறுகிறது, எப்படிக் காக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். அதன் உருவமும் பழக்கமும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

உடலின் அளவும் இதில் முக்கியமானது. ஒரே அடுப்பிலிருந்து இறக்கிய பாலில் டம்ளரில் ஊற்றியது விரைவில் ஆறிவிடும்; அண்டாவில் இருப்பது நெடுநேரம் சூடாக இருக்கும். சிறிய உடலில் உள்ளே இருக்கும் சதையோடு ஒப்பிட்டால் வெளித்தோலின் பரப்பு அதிகம், அதனால் வெப்பம் வெளியேறும் வழியும் அதிகம். பெரிய உடலுக்கு இந்தத் தொல்லை குறைவு. எனவே குளிர்காலம் வந்ததும் பெரிய விலங்குகளும் சிறிய விலங்குகளும் ஒரே வழியில் போக முடியாது.

கடல் தரையாகும் காலம்

இங்குள்ள கடலைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இவ்விலங்குகளைப் புரிந்துகொள்ள முடியாது. உப்பு கலந்திருப்பதால் கடல்நீர் பூஜ்யம் டிகிரியில் உறைவதில்லை. அதற்குக் கீழே ஏறக்குறைய 1.8 டிகிரி இறங்கியதும் உறைகிறது. இலையுதிர்காலத்தின் இறுதியில் கரையோரக் கடல் உறையத் தொடங்கி, நிலத்தோடு ஒட்டிய கெட்டியான பனித்தளமாக மாறுகிறது. அதற்கு அப்பால் காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள நகர்ந்துகொண்டே இருக்கும் மிதக்கும் பனிப்பாளங்கள் உண்டு. இரண்டுக்கும் இடையில் அவ்வப்போது திறந்து மூடும் நீர்ப்பிளவுகள் தோன்றும். கோடையில்தான் இந்தத் தளம் உடைந்து கரைகிறது. வரைபடத்தில் கரைக்கோடு ஓரிடத்தில் வரையப்பட்டிருந்தாலும், ஆண்டின் பெரும்பகுதியில் நரி அந்தக் கோட்டைத் தாண்டிப் பல நூறு கிலோமீட்டர் கடலின் மேல் நடந்துபோகலாம். கடலில் வாழும் சீல், அதே பனியைத் தன் வீட்டுத் தரையாகப் பயன்படுத்துகிறது. இந்தப் பகுதியின் விலங்குகளை நிலத்தவை, நீரவை என்று இரண்டு பட்டியலாகப் பிரித்து மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டையும் இணைக்கும் பனிதான் இங்கே முதன்மையானது.

வளையச் சீல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதுகில் வெளிர்நிற வளையங்கள் இருப்பதால் இந்தப் பெயர். இப்பகுதிச் சீல்களில் இதுவே மிகச் சிறியது. வளர்ந்தது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமும் 50 முதல் 70 கிலோ எடையும் இருக்கும். மீன்போல் நீரில் வாழ்ந்தாலும் அது பாலூட்டி. மூச்சுவிடக் காற்று வேண்டும். கடல் முழுவதும் மூடிக்கொண்ட பிறகு காற்றுக்கு எங்கே போவது? மற்ற சீல்கள் பெரும்பாலும் பனி உடைந்த இடங்களைத் தேடிப் போகின்றன. வளையச் சீல் மட்டும், பனி மெல்லியதாக இருக்கும்போதே சில துளைகளைத் தேர்ந்துகொண்டு, தன் முன் துடுப்புகளிலுள்ள வலுவான நகங்களால் கீழிருந்து சுரண்டிச் சுரண்டி அவற்றை மூடவிடாமல் வைத்துக்கொள்கிறது. பனி ஏறக்குறைய இரண்டு மீட்டர் தடித்த பிறகும் அந்தத் துளைகள் திறந்தே இருக்கும். துளையின் மேல் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனித்தூளைக் குடைந்து தாய்ச்சீல் சிறு அறை அமைக்கிறது. வசந்தகாலத்தில், வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாத அந்த அறைக்குள்தான் வெள்ளை மயிர் போர்த்திய ஒற்றைக் குட்டி பிறக்கிறது. அறையின் தரையில் கடலுக்குப் போகும் துளை உண்டு. ஆபத்து வந்தால் தாயும் குட்டியும் அதன் வழியே நீருக்குள் நழுவிவிடும்.

பனிக்கரடி

அந்த ஆபத்தின் பெயர் பனிக்கரடி. பனிக்கு அடியில் மறைந்திருக்கும் அறையை அது மோப்பத்தால் கண்டுபிடிக்கிறது. பின் கால்களில் எழுந்து நின்று, முழு எடையையும் முன்னங்கால்களில் இறக்கிப் பனிக்கூரையை உடைக்கிறது. பெரும்பாலான முயற்சிகள் தோற்றுப்போகும். கூரை உடையும் அந்த நொடியில் சீல் தப்பிவிடும். மூச்சுத்துளையின் அருகில் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பது கரடியின் மற்றொரு முறை. சீலில் கரடிக்கு மிகவும் வேண்டியது இறைச்சியைவிடக் கொழுப்புதான். நிறையக் கிடைக்கும் காலத்தில் கரடி தோலையும் கொழுப்பையும் மட்டும் தின்றுவிட்டு மற்றதை விட்டுப்போவதும் உண்டு.

கரடியின் மயிர் உண்மையில் வெள்ளை நிறம் உடையதன்று. அதில் நிறமியே இல்லை. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதற்கு அடியில் உள்ள தோல் கருப்பு. ஒவ்வொரு மயிரும் சூரிய ஒளியைக் குழாய்போல் தோலுக்குக் கடத்துகிறது என்ற செய்தியைச் சில புத்தகங்களில் இன்றும் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது அது தவறு என்று தெரிந்தது. கரடியைக் காப்பாற்றுவது இரண்டு அடுக்கு மயிரும், தோலுக்கு அடியிலுள்ள தடித்த கொழுப்புப் படலமும், பெரிய உடலும்தான். வளர்ந்த ஆண் கரடி 400 கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

எல்லாப் பனிக்கரடிகளும் குளிர்காலம் முழுவதும் தூங்கும் என்று நினைப்பவர்கள் பலர். அப்படியில்லை. ஆண் கரடிகளும் குட்டிகளோடு திரியும் தாய்களும் கடும் இருட்டிலும் பனிமேல் வேட்டையாடிக்கொண்டே இருக்கின்றன. கருவுற்ற பெண் கரடி மட்டும் ஆற்றங்கரையிலோ கடற்கரை மேட்டிலோ மிதக்கும் பனியின் மேலோ, பனி ஆழமாகக் குவிந்த இடத்தில் குகை தோண்டி உள்ளே போகிறது. குளிர்காலத்தின் நடுவில் பெரும்பாலும் இரண்டு குட்டிகள் பிறக்கும். பிறந்த குட்டியின் எடை ஏறக்குறைய 600 கிராம். தாயின் எடையில் அது மிகமிகச் சிறிய பங்கு. பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 விழுக்காடு. பனிக்கரடித் தாயின் பாலில் 30 விழுக்காட்டை ஒட்டியது. இத்தனை மாதமும் தாய் எதையும் தின்பதில்லை. கோடைக்கு முன் தின்ற சீல்களின் கொழுப்பு அவளுடைய கொழுப்பாகி, அதுவே பாலாகிக் குட்டிகளை வளர்க்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் குட்டிகள் பத்துக் கிலோவைத் தாண்டியதும் குடும்பம் வெளியே வந்து, உடனே சீல் வேட்டைக்குப் பனிக்குப் போகிறது. அந்த நேரத்தில்தான் வளையச் சீல்களும் குட்டி ஈன்றிருக்கும்.

இவ்வளவும் பனியை நம்பியே நடப்பதால், பனி குறையும்போது கரடியின் கணக்கு தவறிவிடுகிறது. 2008ஆம் ஆண்டு போஃபர்ட் கடலில், கழுத்தில் கண்காணிப்புப் பட்டை மாட்டப்பட்டிருந்த ஒரு பெண் கரடி, நிற்க ஒரு பனிப்பாளமும் கிடைக்காமல் ஒன்பது நாள்கள் விடாமல் நீந்தி 687 கிலோமீட்டர் கடந்ததை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். நீச்சல் திறமைக்குச் சான்றாக இதைச் சொல்பவர்கள், மற்றொரு பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மீண்டும் அந்தக் கரடியைப் பிடித்துப் பார்த்தபோது அதன் எடையில் 22 விழுக்காடு குறைந்திருந்தது, உடன் இருந்த ஒரு வயதுக் குட்டியைக் காணவில்லை.

கரடியின் பின்னால் பல நேரங்களில் ஆர்க்டிக் நரி தொடர்ந்து செல்லும். கரடி விட்டுப்போகும் மிச்சம் அதற்கு விருந்து. மூன்று நான்கு கிலோ மட்டுமே எடையுள்ள இந்த நரி, குட்டையான காதுகள், குட்டையான மூக்கு, உள்ளங்கால் வரை அடர்ந்த மயிர், படுக்கும்போது முகத்தை மூடிக்கொள்ளப் பருத்த வால் என்று, வெப்பம் கசியக்கூடிய வழிகளையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் வெள்ளையாகவும் கோடையில் பழுப்பாகவும் மயிர் மாறும். நோர்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து 2018ஆம் ஆண்டு புறப்பட்ட ஓர் இளம் பெண் நரி, உறைந்த கடலின் மேலும் கிரீன்லாந்தின் பனிப்பரப்பின் மேலும் நடந்து 76 நாள்களில் 3,506 கிலோமீட்டர் கடந்து கனடாவின் எல்ஸ்மியர் தீவை அடைந்தது. அது வேறு கரையின் நரிதான் என்றாலும், பனித்தளம் எவ்வளவு தூரத்தை இணைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பனிக்கு அடியில்

சிறிய விலங்குகளிடம் தடித்த கொழுப்போ நீண்ட மயிரோ இருக்க இடமில்லை. எலியளவு உடலின் மேல் கரடியளவு மயிர் இருந்தால் அது நடக்கவே முடியாது. லெம்மிங் என்னும் வால் குட்டையான கொறிவிலங்கு தன் உடலோடு போராடாமல், இருக்கும் இடத்தை மாற்றிக்கொள்கிறது. தரைமேல் விழுந்த பனி உண்மையில் ஒரு போர்வை. அதில் சிக்கியிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே மேலே காற்று உறையவைக்கும் நாளிலும், பனிக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இடுக்கு மேலே இருப்பதைவிட வெப்பமாக இருக்கும். லெம்மிங்குகள் அங்கே சுரங்கப்பாதைகள் அமைத்து, புல்லால் கூடு கட்டி, உறங்காமல் குளிர்காலம் முழுவதும் புல்லையும் பாசியையும் தின்றுகொண்டிருக்கும். பனிக்கு அடியிலேயே குட்டியும் ஈனும். கழுத்துப்பட்டை லெம்மிங் என்ற வகை குளிர்காலத்தில் வெள்ளை நிறமாவதோடு, முன்கால் நகங்கள் பெரிதாக வளர்ந்து பனி தோண்டும் கருவிகளாகிவிடும்.

கருவுற்ற மூன்று வாரங்களில் குட்டிகள் பிறப்பதால் லெம்மிங்குகளின் எண்ணிக்கை விரைவில் பெருகும். உட்கியாக்விக் பகுதியில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை எங்கும் நிறைந்திருக்கும். பிறகு சட்டென்று குறைந்துவிடும். அவை பெருகும் ஆண்டில் பனி ஆந்தைகள் அங்கே கூடு கட்டும், நரிகள் நிறையக் குட்டி போடும்; அவை குறைந்த ஆண்டில் ஆந்தை முட்டையே இடாமல் போகலாம். கீரியைவிடச் சிறிய வீசல் என்னும் வேட்டை விலங்கு, லெம்மிங்கின் சுரங்கத்துக்குள்ளேயே நுழைந்து அதைப் பிடிக்கும். லெம்மிங்குகள் கூட்டமாக மலையுச்சியிலிருந்து கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்ற கதையை நீங்கள் கேட்டிருந்தால் அதை மறந்துவிடலாம். 1958ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆவணப்படத்துக்காக லெம்மிங்குகளை மனிதர்களே தள்ளிவிட்டுப் படமெடுத்தது பின்னாளில் வெளிப்பட்டது. பொய் மட்டும் இன்னும் ஓயவில்லை.

ஆர்க்டிக் தரை அணிலின் வழி இதற்கு முற்றிலும் வேறானது. இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வியக்கும் விலங்கும் அதுதான். மண் சற்று ஆழமாக இளகக்கூடிய மணற்பாங்கான ஆற்றங்கரைகளில் இது வளை தோண்டுகிறது. அதற்கு மேல் தோண்ட உறைநிலம் விடாது என்பதால், வளையைச் சுற்றியுள்ள மண்ணும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அணில் அங்கே சுருண்டு படுத்து, ஆண்டுக்கு ஏழெட்டு மாதம் உறங்கிவிடுகிறது. அந்த உறக்கத்தில் அதன் உடல் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்று அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் பார்ன்ஸ் அளந்து, 1989ஆம் ஆண்டு வெளியிட்டார். பூஜ்யத்துக்குக் கீழே 2.9 டிகிரி! நீர் உறையும் புள்ளிக்கும் கீழே போன பிறகும் அணிலின் இரத்தம் உறையவில்லை.

இது எப்படி நடக்கிறது? நீர் பனிக்கட்டியாக மாறுவதற்கு, முதலில் ஒரு சிறு படிகம் எங்காவது உருவாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற நீர் உறையும். அப்படி ஒரு தொடக்கம் கிடைக்காதவரை, நீர் தன் உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே இருக்க முடியும். அணிலின் உடல் அந்த நிலையில்தான் இருக்கிறது. தலையும் கழுத்தும் வயிற்றுப் பகுதியைவிடச் சற்று வெப்பமாக இருக்கும். இதயம் நிமிடத்துக்குச் சில முறை மட்டுமே துடிக்கும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அணில் உறக்கத்திலிருந்து வெளிவருகிறது. உடலில் சேமித்த, வெப்பம் உண்டாக்குவதற்கென்றே உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தும் உடல் நடுங்கியும் 36, 37 டிகிரிக்கு வெப்பத்தை ஏற்றிக்கொள்ளும். ஒரு நாளுக்கும் குறைவான நேரம் அப்படி இருந்துவிட்டு மறுபடியும் குளிர்ந்துவிடும். அந்தச் சில மணி நேரங்களில் அது என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலும் சாதாரணமாகத் தூங்குகிறது. குளிர்கால உறக்கமும் நாம் அறிந்த தூக்கமும் ஒன்றல்ல என்பதை இந்த அணில் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

திறந்த வெளியில் நிற்பவை

கரிபூ என்பது ஐரோப்பாவில் பனிமான் என்று வளர்க்கப்படும் அதே இனத்தின் காட்டு உறவு. மான் குடும்பத்தில் ஆணுக்கு மட்டுமின்றிப் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதில்தான். ஆண்கள் கொம்பை இலையுதிர்காலத்தின் முடிவிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் உதிர்த்துவிட, கருவுற்ற பெண்கள் கன்று ஈனும் வரை வைத்துக்கொள்கின்றன. குளிர்காலத்தில் பனியைக் கிளறி, பாறையிலும் மண்ணிலும் பாசிபோல் படரும் லைக்கனைத் தின்னும் பள்ளத்தை மற்றவற்றிடமிருந்து காத்துக்கொள்ள அது உதவுகிறது. காற்று நிறைந்த மயிர் குளிரைத் தடுக்கிறது. கால்களில், கீழே போகும் சூடான இரத்தக் குழாயும் மேலே வரும் குளிர்ந்த குழாயும் அருகருகே ஓடுவதால், வெப்பம் குளம்புவரை போய் வீணாகாமல் வழியிலேயே திரும்பிவிடுகிறது. கண்ணின் பின்புறமுள்ள ஒளியைத் திருப்பும் படலம் கோடையில் பொன்னிறமாகவும் இருண்ட குளிர்காலத்தில் நீலமாகவும் மாறுவதைப் பனிமான்களிடம் 2013ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள்; குறைந்த ஒளியில் பார்க்க அது உதவுகிறது.

வடகரைச் சமவெளியைப் பயன்படுத்தும் பெரிய மந்தைகள் நான்கு. அவற்றுள் ஒன்றான போர்குபைன் மந்தை, குளிர்காலத்தை மலைகளுக்குத் தெற்கேயும் கனடாவிலும் கழித்துவிட்டு, ஜூன் தொடக்கத்தில் கன்று ஈன்பதற்காகப் பல நூறு கிலோமீட்டர் நடந்து கரைக்கு வருகிறது. அப்போது ஓநாயும் பழுப்புக் கரடியும் இங்கே குறைவு. புதிதாகத் துளிர்த்த புல்லும் இருக்கிறது. ஜூலையில் கொசுக்கள் புறப்படும். தூந்திரத்துக் கொசுக்களின் தொல்லையை வெப்பநாட்டில் வாழ்பவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். அவற்றிடமிருந்து தப்ப, ஆயிரக்கணக்கான கரிபூக்கள் மேய்ச்சலையே விட்டுவிட்டுக் கடற்காற்று வீசும் கரைமணலுக்கு வந்து நெருக்கியடித்து நிற்கும். மேற்கு ஆர்க்டிக் மந்தையில் 2003ஆம் ஆண்டு ஏறக்குறைய 4,90,000 கரிபூக்கள் இருந்தன; இருபது ஆண்டுகளில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. காரணம் ஒன்றல்ல. குளிர்காலத்தில் பனிக்குப் பதிலாக மழை பெய்து, அது உறைந்து புல்லின் மேல் கண்ணாடித் தகடாகப் படிந்துவிட்டால் கரிபூவால் கிளறித் தின்ன முடியாது. அது மட்டும் எளிதில் விளங்கும்.

நடப்பதே கரிபூவின் வழி என்றால், நின்றுவிடுவது கஸ்தூரி எருதின் வழி. தரையைத் தொடும் நீண்ட மயிருக்கு அடியில் மிக மென்மையான உள்மயிர் உண்டு. குளிர்காலத்தில் இது அதிகம் நடமாடாமல், காற்று பனியைத் துடைத்துவிட்ட இடங்களில் நின்று கிடைத்ததை மேய்ந்துகொண்டு, ஆற்றலைச் சேமிக்கும். ஓநாய் வந்தால் மந்தை ஓடாது; கன்றுகளை நடுவே வைத்து, கொம்புகள் வெளியே தெரிய வட்டமாக நிற்கும். ஓநாய்க்கு எதிராக இது நல்ல உத்தி. துப்பாக்கி வந்த பிறகு இதுவே கேடாயிற்று. நின்ற இடத்தில் நின்ற எருதுகளைச் சுடுவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலாஸ்காவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டு கிரீன்லாந்தில் பிடிக்கப்பட்ட 34 எருதுகளைக் கப்பலிலும் ரயிலிலுமாக ஃபேர்பேங்க்ஸ் நகருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலிலுள்ள நுனிவாக் தீவில் அவை பெருகின. அங்கிருந்து 1969, 1970ஆம் ஆண்டுகளில் வடகரையில் மீண்டும் விடப்பட்டன. இன்று அங்கே மேயும் கஸ்தூரி எருதுகள் அவற்றின் வழிவந்தவை.

நீரில் வாழ்பவை

சுக்சி கடல் பல இடங்களில் 50 மீட்டர் ஆழமே உள்ளது. அதன் அடித்தளச் சேற்றில் சிப்பிகள் ஏராளம். நீண்ட தந்தங்களுள்ள பெரிய கடல் பாலூட்டியான வால்ரஸ் மூழ்கிப்போய், மூக்கின் இருபுறமும் உள்ள பல நூறு தடித்த மீசைமயிர்களால் சேற்றைத் தடவி அவற்றைக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் சதையை உறிஞ்சித் தின்னும். ஒரு மீட்டர் வரை வளரும் தந்தங்கள் சிப்பி தோண்டப் பயன்படுவதில்லை; பனிமேல் ஏறும்போது ஊன்றிக்கொள்ளவும் தங்களுக்குள் மிரட்டிக்கொள்ளவும்தான் அவை உதவுகின்றன. சீல்போல் ஓய்வின்றி நெடுநாள் நீரிலேயே இருக்க வால்ரஸால் முடியாது. ஓய்வுக்கு ஒரு மேடை வேண்டும். ஆழமில்லாத கடலின் மேல் மிதக்கும் பனிப்பாளம் குட்டிக்கு வீடாகவும் தாய்க்கு உணவிடத்துக்கு மேலேயே அமைந்த மேடையாகவும் இருக்கிறது. 2007 முதல் பல கோடைகளில் பனி ஆழ்கடலுக்கு அப்பால் விலகிப்போய்விட்டதால், வால்ரஸ்கள் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வருகின்றன. 2014 செப்டம்பரில் பாயிண்ட் லே என்ற சிற்றூரின் அருகே ஏறக்குறைய 35,000 வால்ரஸ்கள் ஒரே கடற்கரையில் கிடந்தன. ஒரு விமானம் தாழப் பறந்தால் போதும், அத்தனையும் மிரண்டு நீரை நோக்கி ஓடும். அந்த நெரிசலில் குட்டிகள் மிதிபட்டுச் சாகும். அதனால்தான் அவ்வூர் மக்கள், பார்க்கவோ படமெடுக்கவோ யாரும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பெலூகா என்னும் வெள்ளைத் திமிங்கிலங்கள் கோடையில் அதே பாயிண்ட் லே அருகிலுள்ள ஆழமற்ற காயலுக்கு வந்து, கூழாங்கற்களில் உடலைத் தேய்த்துப் பழைய தோலை உரித்துக்கொள்கின்றன. பிறக்கும்போது கருஞ்சாம்பல் நிறமாக இருந்து, வளர வளர வெளுப்பவை இவை. சாம்பல் திமிங்கிலங்கள் மெக்சிகோவின் காயல்களிலிருந்து கோடைக்கு மட்டும் வரும் விருந்தாளிகள். 1988 அக்டோபரில் புறப்படத் தாமதித்த மூன்று சாம்பல் திமிங்கிலங்கள் பாரோ அருகே பனியில் சிக்கிக்கொண்டன. ஊர் மக்கள் இயந்திர வாள்களால் பனியில் வரிசையாகத் துளை வெட்டி மூச்சுவிட வழி செய்தார்கள். கடைசியில் சோவியத் பனியுடைப்புக் கப்பல்கள் வந்து பாதை திறந்தன. இளையது பிழைக்கவில்லை, மற்ற இரண்டும் விடுவிக்கப்பட்டன.

வில்தலைத் திமிங்கிலத்துக்கு இப்படிப்பட்ட உதவி தேவைப்படாது. இது ஆர்க்டிக் கடலையும் அதை ஒட்டிய குளிர்ந்த கடல்களையும் விட்டு நீங்குவதே இல்லை என்று சொல்லலாம். உடலின் மூன்றில் ஒரு பங்கு தலை. அதன் உச்சியால் மோதி அரை மீட்டர் வரை தடித்த பனியையும் உடைத்து மூச்சுவிடும். பனிக்கு அடியில் நீந்த வசதியாக முதுகில் துடுப்பு கிடையாது. தோலுக்கு அடியில் அரை மீட்டர்வரை கொழுப்பு. இவ்வளவு பெரிய உடல் வளர்வது, அரிசியளவே உள்ள கடல் சிற்றுயிர்களைத் தின்று: வாயின் மேல்தாடையிலிருந்து நான்கு மீட்டர் வரை நீண்டு தொங்கும் பலீன் தகடுகள் சல்லடையாகி, நீரை வெளியே விட்டு உணவை மட்டும் பிடித்துக்கொள்கின்றன.

இதன் ஆயுள் மனிதர்களை நெடுநாள் குழப்பியது. 2007ஆம் ஆண்டு பிடிக்கப்பட்ட ஒரு திமிங்கிலத்தின் உடலில், 1880ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட வெடி எறியீட்டியின் துண்டு புதைந்திருந்தது. நூறாண்டுக்கு முன் யாரோ எய்து, தப்பிப்போன திமிங்கிலம் அது. கண்வில்லையிலுள்ள புரதப் பொருளின் மாற்றத்தைக் கொண்டு வயதைக் கணித்த ஆய்வு ஒன்றில், ஒரு திமிங்கிலத்துக்கு இருநூறு வயதைத் தாண்டியிருந்தது. பாலூட்டிகளில் இவ்வளவு நாள் வாழ்வதாக அறியப்பட்டது வேறு இல்லை.

இந்தக் கரையின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக இத்திமிங்கிலத்தை வேட்டையாடி, அதன் இறைச்சியையும் தோலோடு சேர்ந்த கொழுப்பையும் ஊர் முழுவதும் பகிர்ந்துண்டு வருகிறார்கள். இதன் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தது அவர்கள் அல்லர். 1848 முதல் எண்ணெய்க்கும் பலீனுக்கும் வந்த வணிகக் கப்பல்களே. 1977ஆம் ஆண்டு பன்னாட்டுத் திமிங்கில ஆணையம், சில நூறிலிருந்து இரண்டாயிரம்வரைதான் மிஞ்சியிருக்கும் என்ற கணிப்பை நம்பி, இனுபியாட் வேட்டையையும் நிறுத்தச் சொன்னது. கணக்கு தவறு என்றார்கள் வேட்டைக்காரர்கள். பனியின் விளிம்பில் நின்று எண்ணுபவர்களின் கண்ணில் படாமல், பனிக்கு அடியிலும் வெகுதொலைவிலும் திமிங்கிலங்கள் போகின்றன என்பது அவர்கள் கூற்று. பிறகு நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, அப்படியே இருந்தது: கண்ணுக்குத் தெரியாத திமிங்கிலங்களின் குரல் பனிக்கு அடியிலிருந்து வந்தது. எண்ணும் முறை திருத்தப்பட்டது. எண்ணிக்கையும் உண்மையிலேயே பெருகியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 17,000ஐ ஒட்டி இருந்தது. இன்று வேட்டைக்கு ஓர் அளவு வகுக்கப்பட்டு, அது பதினோரு ஊர்களுக்குப் பங்கிடப்படுகிறது.

காக்டோவிக் அவற்றுள் ஒன்று. இலையுதிர்காலத்தில் திமிங்கிலத்தை அறுத்துப் பங்கிட்ட பின் எலும்புகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குவிப்பார்கள். கடல் இன்னும் உறையாததால் வேட்டைக்குப் பனி கிடைக்காத பனிக்கரடிகள் அந்தக் குவியலைத் தேடி வரும். அவை தெருவுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள ஊரில் கரடிக் காவல் குழு ஒன்று இரவு முழுவதும் சுற்றிவருகிறது.